பழைய ஹைலக்ஸ் பிரேக்: முதலில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பாருங்கள்

கிளிநொச்சியில் இருக்கும் சிநேகிதன் ஒருவன் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கப் (இரண்டு வரிசை இருக்கை வைத்த பிக்கப்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். "உன்ரை எப்பிடி ஓடுது, வாங்கலாமோ?" என்று கேட்டான். போன கிழமைதான் என்னுடையது பிரேக் வேலை முடிந்து வந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வாகனத்தின் மொடல் எல்என் 106, 3எல் என்ற டீசல் எஞ்சின், நாலு சில்லும் இழுக்கும் வகை. எஞ்சினைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நேரத்துக்கு ஒயில் மாற்றினால் அது தன் பாட்டில் ஓடும். எனக்குக் கதைக்க வேண்டியது பிரேக்கைப் பற்றி, அதிலும் பின் சில்லுப் பிரேக்கைப் பற்றி.

முதல் மிதியில் பெடல் பாதிக்கும் கீழே போய்விடும். கையோடு இரண்டாம் தரம் மிதித்தால் மேலே வந்து நன்றாகப் பிடிக்கும். வெறும் வாகனமாக ஓடும்போது இதோடு காலம் தள்ளலாம். ஊர்காவற்றுறையில் மீன் பெட்டி அடுக்கிக்கொண்டு பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணப் பட்டினத்துக்குள் இறங்கும்போது குறுக்கே ஒரு சைக்கிள் வந்தால், இரண்டாம் மிதிக்கு நேரம் எங்கே இருக்கிறது?

ஹேண்ட்பிரேக்கும் பிடிக்காது. டாஷ்போர்டுக்குக் கீழே இழுத்துப் பிடிக்கும் கைபிடி அது. இழுத்தால் வரும், வண்டி நிற்காது. வாங்கின நாளிலிருந்தே அப்படித்தான். எந்தக் கராஜில் கேட்டாலும் "ஹைலக்ஸ் எண்டால் அப்பிடித்தான் அண்ணை" என்ற ஒரே பதில். அந்தப் பதிலில்தான் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஏனென்றால் முழு வருத்தத்துக்கும் வேர் அங்கேதான் கிடந்தது.

இந்த வகை ஹைலக்ஸில் பின் பிரேக் டிரம் பிரேக்: சில்லோடு சுற்றும் டிரம்முக்குள்ளே சூ என்ற வளைந்த கட்டைகள் விரிந்து உரசி வாகனத்தை நிறுத்தும். சூ தேயத் தேய, சூவுக்கும் டிரம்முக்கும் இடையில் வெளி கூடும். அந்த வெளியைத் தானாகக் குறைக்க உள்ளே பல்லுச் சக்கரம் வைத்த ஒரு அட்ஜஸ்டர் உண்டு. அதைத் திருப்புவது ஹேண்ட்பிரேக். கைபிடியை இழுக்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் லீவர் அசைந்து, வெளி கூடியிருந்தால் சக்கரத்தை ஒரு பல் தள்ளும். ஹேண்ட்பிரேக் வேலை செய்யாவிட்டால் அட்ஜஸ்டரும் செத்ததுதான். சூ தேயும், வெளி கூடும், அந்த வெளி முழுவதையும் உங்கள் கால்தான் நிரப்ப வேண்டும். முதல் மிதி கீழே போவதும் இரண்டாம் மிதி பிடிப்பதும் இதனால்தான்.

யாழ்ப்பாணத்தில் மேடு ஏது? தெல்லிப்பழையிலிருந்து நாவற்குழி வரை தட்டையான நிலம். கியரில் விட்டுவிட்டு இறங்கிப் போவோம். மலைநாட்டில், நுவரெலியாவில் ஓடும் வாகனத்துக்கு ஹேண்ட்பிரேக் இல்லாவிட்டால் ஒரு நாளும் தாங்காது. இங்கே வருடக்கணக்கில் ஒருவரும் தேட மாட்டார்கள். அந்த வருடங்கள் முழுவதும் பின் சூ அட்ஜஸ்ட் ஆகாமல் தேய்ந்துகொண்டே போகும்.

நான் முதலில் கொண்டுபோன கராஜில் மாஸ்ரர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் பாகம்) போய்விட்டது என்றார்கள். புதிது போட்டு, பிரேக் ஒயில் மாற்றி, குழாய்களில் நின்ற காற்றெடுத்துத் தந்தார்கள். காற்றெடுத்த வேலையில் குறை சொல்ல மாட்டேன். பாரத்துக்கு ஏற்ப அழுத்தத்தை மாற்றும் பின்பக்க வால்விலும் மறக்காமல் காற்றெடுத்தார்கள், கனபேர் அதைத் தொடுவதே இல்லை. ஆனால் பெடல் பழையபடியே கீழே போனது. மாஸ்ரர் சிலிண்டரின் உள் ரப்பர் போனால் அதன் குணம் வேறு. காலை அழுத்தி ஒரே பிடியாக வைத்திருந்தால் பெடல் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கும். குழாய்க்குள் காற்று தங்கியிருந்தால் மிதி மெத்தென்று இருக்கும். மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டருக்கு வெற்றிடம் போதாவிட்டால் பெடல் கல்லாகும் (இந்த எஞ்சினில் வெற்றிடப் பம்ப் ஓல்டர்னேட்டரின் பின்னால் இருக்கிறது). என்னுடையது இரண்டாம் மிதியில் மேலே வந்து, வந்த இடத்திலேயே உறுதியாக நின்றது. இந்த மூன்றிலும் சேராது. அதைக் காலால் மிதித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் செலவழிக்காமல் ஒரு மாஸ்ரர் சிலிண்டரின் காசைச் செலவழிக்க வைத்தார்கள்.

கடைசியில் பிழையைப் பிடித்தவர் கோண்டாவில் பக்கத்தில் வீட்டோடு வேலை செய்யும் ஒரு வயதான மெக்கானிக். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கார்களைக் கட்டியெழுப்பின கை அவருடையது. ஒஸ்ரின் ஏ40 டிரம்மைக் கையால்தான் அட்ஜஸ்ட் பண்ண வேண்டும். அந்தப் பழக்கத்தில், பெடல் இறங்குகிறது என்று நான் சொன்னதும் அவர் யோசனை நேரே சூவுக்குத்தான் போனது. வாய் உருண்டையான கிளாம்பால் ரப்பர் குழாய்களை மெல்ல நசுக்கிப் பிடித்தார், முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று. அப்போது ஒயில் சில்லுகளுக்குப் போகாது. மிதிக்கச் சொன்னார். பெடல் உச்சியில், உறுதியாக. "மேலை எல்லாம் சரி" என்றார், மாஸ்ரர் சிலிண்டர் பக்கத்தைச் சொன்னார். முன் கிளாம்புகளைக் கழற்றினார், மாற்றமில்லை. பின் கிளாம்பைக் கழற்றியதும் பெடல் விழுந்தது. கராஜுகளில் மாதக்கணக்கில் கதைத்த கதை இவ்வளவில் முடிந்தது.

டிரம் கழற இடம் கொடுக்கவில்லை. சுத்தியலை எடுக்காமல், டிரம்மிலேயே இருக்கும் இரண்டு மரை ஓட்டைகளில் எட்டு மில்லிமீற்றர் போல்ட் இரண்டைப் போட்டு மாறி மாறி இறுக்கினார், டிரம் தானாகக் கழன்று வந்தது. உள்ளே இருந்த தூளைக் காற்றடித்து ஊத விடவில்லை, தண்ணீர் விட்டுக் கழுவினார். பழைய சூ லைனர்களில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம், அது நெஞ்சுக்குள் போகக்கூடாது. கராஜ் பெடியன்கள் வெறும் முகத்தோடு அதை ஊதுவதைக் கண்டால் தயவுசெய்து நிறுத்துங்கள்.

பிரேக் தட்டின் பின்புறம், ஹேண்ட்பிரேக் கேபிள் வந்து கொழுவும் இடத்தில், எல் எழுத்து வடிவில் ஓர் இரும்புத் துண்டு இருக்கிறது. கேபிள் இழுத்தால் அது ஓர் அச்சில் சுழன்று உள் லீவரைத் தள்ள வேண்டும். அதற்கு மேல் ஒரு ரப்பர் மூடி. என்னுடையதில் மூடி வெடித்து, உள்ளே மணலும் துருவும் உப்பும் சேர்ந்து ஒரே கட்டியாக இறுகியிருந்தது. மீன் பெட்டியின் ஐஸ் தண்ணீர் வடிந்து விழுவது நேரே அந்த இடத்தில்தான். இரண்டு பக்கமும் அதே நிலை. அச்சை ஊறவைத்து அடித்து எடுத்து, அரத்தால் உரஞ்சி, சூடு தாங்கும் கிறீஸ் பூசி, புது ரப்பர் மூடி போட்டார். சூ மாற்றி, சில்லு உரசும்வரை பல்லுச் சக்கரத்தைத் திருப்பி, சில பல் பின்னால் விட்டார். பிறகு என்னை உள்ளே இருத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்து இழுத்து விடச் சொன்னார். பின்னால் டிக், டிக் என்று கேட்டது. கொஞ்சத்தில் சத்தம் நின்றது, வெளி சரியாகிவிட்டது என்று பொருள். அதுவரை அந்த வாகனத்தில் நான் கேட்டறியாத சத்தம்.

இப்போது ஒரே மிதி. பெடல் மேலேயே நிற்கிறது. வாகனம் நேராக, அடங்கி நிற்கிறது. இத்தனை நாளும் இந்த பிரேக் இதற்குள்ளேதான் இருந்தது என்பதை நினைக்க நினைக்க மனம் கொதிக்கிறது.

வெங்காயம், சீமெந்து ஏற்றுபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு கம்பியோடு இணைந்த வால்வு இருக்கிறது. பாரம் ஏறி வாகனம் பதிந்தால் அது பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். நாங்கள் வில்லில் மேலதிகமாகப் பிளேட் போட்டு வாகனத்தை உயர்த்துகிறோம், அதனால் பாரம் ஏறினாலும் வாகனம் பதியாது. வாகனம் வெறுமை என்றே வால்வு கணக்குப் பண்ணி அழுத்தத்தைக் குறைத்து விடும். பிளேட் போட்டால் அந்தக் கம்பியின் உயரத்தையும் சரிசெய்யுங்கள்.

சரி, சிநேகிதனுக்குப் பதில். எஞ்சின் உழைப்பாளி, பிரேக் திருத்தினால் அருமையான வாகனம், பாகமும் கிடைக்கிறது. ஆனாலும் வாங்காதே என்றுதான் சொல்வேன். 2020இல் வாகன இறக்குமதி நின்றபோது ஏறின விலையை, 2025இல் திறந்த பிறகும் கனபேர் இறக்க மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காசைக் கொடுத்த பிறகும் டிரம்மை வடிவாகக் கழற்றிப் பார்க்கத் தெரிந்த ஒருவரை நீ தேடித் திரிய வேண்டும். எனக்குக் கோண்டாவிலில் ஒருவர் கிடைத்தார், உனக்கு யார்?

அப்படியும் வாங்கத்தான் போகிறாய் என்றால், பார்க்கப் போகும்போது ஒரு ரோச் கொண்டுபோ. எஞ்சினைக் காட்டுவார்கள், அது கிடக்கட்டும். பின் சில்லுக்குக் கீழே குனிந்து அந்த ரப்பர் மூடி இரண்டையும் பார், ஒருவரை ஹேண்ட்பிரேக் இழுக்கச் சொல். எல் துண்டு அசையாவிட்டால் இரண்டு பக்கச் சூ, கேபிள், கூலி எல்லாவற்றையும் விலையில் கழித்துவிட்டுக் கதை.