குரோம் பம்பருக்கு பெயின்ட் அடிக்கக் கொடுப்பவர்களுக்கு: முலாம் எடுத்ததைக் கண்ணால் பார்க்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்

அப்பா ஓட்டிய அம்பாசடர் இது. முன் பம்பரில் குரோம் பொரிந்து அங்கங்கே துரு ஏறிவிட்டது. மறுபடி முலாம் போடக் கட்டுப்படியாகவில்லை. சரி, கறுப்பு பெயின்ட் அடித்துவிடலாம் என்று கோவையில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். "முலாமை முழுசா எடுத்துட்டுதான் சார் அடிப்போம், அதுக்குத் தனிக் காசு" என்றார் பட்டறைக்காரர். மொத்தம் 6,500 ரூபாய் வாங்கினார். அதில் 3,000 முலாம் எடுப்பதற்கு மட்டும்.

மூன்றாவது வாரம் வாட்டர் சர்வீஸ் விட்டேன். பம்பர் மூலையில் தண்ணீர் பட்டதும் பெயின்ட் பாலாடை மாதிரி சுருண்டு எழுந்தது. விரலால் பிடித்து இழுத்தேன், முழங்கை நீளத்துக்கு ஒரே தோலாக உரிந்து வந்தது. அடியில் என் முகம் தெரிகிறது! வாட்டர் பேப்பர் தேய்த்த கீறல் ஒன்றுகூட இல்லை. பெயின்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் பிரைமர் பூச்சும் இல்லை. துரு இருந்த இடத்தில் மட்டும் பட்டி அப்பியிருந்தார்கள்.

போய்க் கேட்டால், தண்ணீர் வேகம் அதிகமாம். இன்னொன்றும் சொன்னார்: "வேணும்னா ஆசிட் வாங்கி வீட்லயே ஊத்தி எடுத்துக்கங்க." தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள். புகை நெஞ்சைப் பிடிக்கும், குரோம் கரைந்த கழிவுநீரைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது.

குரோம் என்பது மேலே இருக்கும் மெல்லிய படலம்தான், பெரும்பாலும் அரை மைக்ரான்கூட (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்காது. தடிமனெல்லாம் அடியில் உள்ள நிக்கலில்தான். குரோமின் வழவழப்பில் பெயின்ட்டுக்குப் பிடிமானம் கிடையாது. பிளேட்டிங் பட்டறையில் தொட்டியில் முக்கி, மின்சாரத்தைத் திருப்பி விட்டு முலாமைக் கழற்றுவார்கள். இல்லையென்றால் சாண்ட் பிளாஸ்டிங், அதாவது மணலை வேகமாகப் பீய்ச்சியடித்து எடுப்பது. அப்புறம் எபாக்ஸி பிரைமர், அதற்கு மேல்தான் நிறம்.

நீங்கள் கொடுத்தால், முலாம் எடுத்த அன்றே நேரில் போய்ப் பாருங்கள். குரோம் லேசான நீல வெளுப்பாக மின்னும். அது போய் நிக்கல் தெரிந்தால் லேசான மஞ்சள் சாயல் இருக்கும். சாண்ட் பிளாஸ்டிங் செய்திருந்தால் பளபளப்பே இல்லாமல் சாம்பல் நிறமாக, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். அந்த நிலையில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். நான் முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்துவிட்டேன், ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

பம்பர் இப்போது வேறு பட்டறையில் இருக்கிறது. நேற்று போய்ப் பார்த்தேன். முலாம் போய், முழுக்கச் சாம்பல் நிறத்தில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.