மல்லாட்டை ரக ஒப்பீட்டில் ஆல்ஃபா டிசைன்: பல வருடப் பயன்பாட்டில் கண்டது

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம் பக்கம் மானாவாரிக் கொல்லைகளில் மல்லாட்டை (வேர்க்கடலை) ரகங்களை ஒப்பிடும் திடல்களைப் பல வருடங்களாக அமைத்து வருகிறேன். ஆரம்பத்தில் எல்லாரையும் போல ஆர்பிடி, அதாவது எல்லா ரகத்தையும் ஒரே தொகுப்பில் குலுக்கி வைத்து, அந்தத் தொகுப்பையே சில தடவை திரும்பப் போடும் திட்டம் (ஒவ்வொரு தடவையும் ஒரு ரெப்ளிகேஷன்). அப்புறம் அந்தத் தொகுப்பைச் சிறு பிளாக்குகளாக உடைக்கும் ஆல்ஃபா டிசைனுக்கு மாறி, கணக்கையும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளுக்குக் கொண்டு போனேன். நம் மண்ணுக்கு இந்த மாற்றம் தேவை என்பதே என் தீர்ப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

24 ரகங்களை ஆர்பிடியில் வைத்தால், ஒரு ரெப்ளிகேஷனுக்குள் 24 பாத்தியும் ஒரே மாதிரி மண்ணில் இருக்க வேண்டும். 30 செ.மீ. இடைவெளியில் பத்து வரிசை என்றால் ஒரு பாத்தியின் அகலம் 3 மீட்டர். 24 பாத்தியை வரிசையாக வைத்தால் 72 மீட்டர். மலையடிவாரச் செம்மண்ணில் 72 மீட்டருக்கு மண் ஒரே மாதிரி இருக்கும் கொல்லையை நான் பார்த்ததில்லை. ஒரு முனையில் சரளை, மறுமுனையில் ஈரம் பிடிக்கும் ஆழமான மண். அந்த வித்தியாசம் முழுக்கப் பிழைக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். சி.வி. (சராசரியோடு ஒப்பிட்ட பிழையின் சதவீதம்) எகிறும், சி.டி. (இரண்டு ரகம் வேறு என்று சொல்லத் தேவையான குறைந்தபட்ச வித்தியாசம்) பெருக்கும், கடைசியில் எல்லா ரகமும் ஒன்றுதான் என்று அறிக்கை சொல்லும்.

இதற்காகத்தான் புள்ளியியலாளர்கள் பேட்டர்சனும் வில்லியம்ஸும் 1976-இல் ஆல்ஃபா டிசைனைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு ரெப்ளிகேஷனையும் சின்னச் சின்ன பிளாக்குகளாக உடைக்கிறோம். நான் வைப்பது பிளாக்குக்கு 4 பாத்தி, ரெப்ளிகேஷனுக்கு 6 பிளாக், மூன்று ரெப்ளிகேஷன், ஆக 72 பாத்தி. இப்போது 12 மீட்டருக்குள் மண் ஒத்திருந்தால் போதும். எந்த இரண்டு ரகமும் ஒரு பிளாக்கில் ஒரு தடவைக்கு மேல் சந்திக்காது. ஒரு ரகம் 9 ரகங்களோடு மட்டும் நேராக மோதும், மீதி 14-ஓடு ஒப்பீடு மற்ற ரகங்கள் வழியாக வரும். கேட்க பலவீனமாகத் தெரியும், ஆனால் மேடு பள்ளமான கொல்லையில் இது தரும் துல்லியம் ஆர்பிடியில் கிடைப்பதில்லை.

பிளாக் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில் ஓட வேண்டும். மேலிருந்து கீழாகப் போட்டால், பிளாக் என்று பெயர்தான் இருக்கும், பயன் இருக்காது. கொல்லைக்காரர் ஒருவர் கேட்டார்: "மேட்டுல போட்டது காயும், பள்ளத்துல போட்டது தேறும். இதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்குத் தம்பி?" அவர் சொன்னதை வைத்தே அந்தத் திடலின் பிளாக்குகளை அமைத்தேன். நிலத்துக்காரரைக் கேட்காமல் பிளாக் போடாதீர்கள். பிளாக்குக்குள் எந்த ரகம் எந்தப் பாத்தி என்பதை மட்டும் குலுக்கலுக்கு விடுங்கள். புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் நூறு வருடத்துக்கு முன் வகுத்த முறை, இன்றும் அதற்கு மாற்று இல்லை.

எந்த ரகம் எங்கே என்ற வரைபடம் போட ஆர் மென்பொருளின் அக்ரிகோலே (agricolae) தொகுப்பைப் பயன்படுத்துகிறேன். இலவசம். குலுக்கலைத் தொடங்கக் கொடுக்கும் எண்ணைக் குறித்து வைத்தால், அதே வரைபடத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம். குறை என்றால், நாம் கேட்கும் எல்லா அளவுக்கும் அது டிசைன் தராது. மூன்று ரெப்ளிகேஷனில் 24 ரகத்தை 6 பாத்தி பிளாக்காகக் கேட்டால் மறுத்துவிடும். 4 என்றால் தரும்.

கணக்குக்கு அதே மென்பொருளின் எல்எம்ஈ4 (lme4) தொகுப்பு. பிளாக்கின் விளைவை ரேண்டமாக (தற்செயலாக மாறுவதாக) வைத்து, அந்த மாறுபாட்டின் அளவை மதிப்பிடும் ஆர்இஎம்எல் (REML) முறையில் ஓட்டுகிறேன். அந்த முறையும் பேட்டர்சன் (தாம்சனோடு சேர்ந்து, 1971) தந்ததுதான். இதில் எனக்கு மிகவும் உதவியது காணாமல் போன பாத்திகள் விஷயம். காட்டோரத் திடலில் காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் ஒரு மூலையைக் கிளறிவிட்டுப் போய்விடும். பழைய முறையில் விட்டுப்போன பாத்திக்குச் சூத்திரம் போட்டு எண்ணை நிரப்ப வேண்டும். இங்கே இருப்பதை மட்டும் கொடுத்தால் போதும். மண் நிஜமாகவே ஒரே சீராக இருந்தால் பிளாக்கின் பங்கு பூஜ்யம் என்று வந்து, "சிங்குலர்" என எச்சரிக்கை வரும். பயப்பட வேண்டாம். அப்போது கணக்கு தானாகவே ஆர்பிடி மாதிரி ஆகிவிடுகிறது, நஷ்டம் ஒன்றும் இல்லை.

ரகங்களை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டு, வித்தியாசம் தெரியாதவற்றுக்கு ஒரே எழுத்துப் போடும் பழக்கத்தை மட்டும் நான் குறைத்துக்கொண்டேன். 24 ரகம் என்றால் 276 ஜோடி. எல்லா ரகமும் ஒன்றே என்றாலும், 5 சதவீத அளவில் சுமார் 14 ஜோடிகள் வித்தியாசமாகத் தெரியும். அதை நம்பி விவசாயி விதை வாங்கினால் யார் பொறுப்பு? டிஎம்வி 7 மாதிரி ஊரறிந்த ஒரு ரகத்தை செக்காக (அளவுகோலாக) வைத்து, மற்றவற்றை அதனோடு மட்டும் ஒப்பிடுகிறேன்.

எந்தக் கணக்காலும் காப்பாற்ற முடியாதவையும் உண்டு. கதிரி லேபாக்ஷி நாள் கூடிய ரகம். அதையும் குறுகிய நாள் ரகத்தையும் ஒரே நாளில் பிடுங்கினால் ஒப்பீடே கெட்டுவிடும், ஒவ்வொன்றையும் அதனதன் முதிர்ச்சியில் பிடுங்க வேண்டும். ஓர வரிசைகளை எடை போடக் கூடாது. காய் சரியாகக் காய்ந்த பிறகே தராசில் ஏற வேண்டும். ஒரே ஊர், ஒரே பட்டத்து முடிவை வைத்து ரகத்தைச் சிபாரிசு செய்யவும் நான் மாட்டேன். நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே மழை தருவதால், ஆடிப்பட்டம் தவறிய வருடம் ரகங்களின் வரிசையே மாறிவிடுகிறது.

ஐந்தாறு ரகங்கள் மட்டும் பார்ப்பவர்களுக்கு இவ்வளவும் வேண்டாம், ஆர்பிடியே போதும். பதினைந்தைத் தாண்டினால் ஆல்ஃபாவுக்கு வாருங்கள். ஒவ்வொரு பாத்தியின் வரிசை எண்ணையும் நிரல் எண்ணையும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஸ்பாட்ஸ் (SpATS) மாதிரி, கொல்லைக்குள் மண் இடத்துக்கு இடம் மாறுவதை வரைந்து காட்டும் ஆர் தொகுப்புகளுக்குப் பிறகு போக வேண்டுமென்றால் அந்த இரண்டு எண்களும் தேவைப்படும்.