இரும்பு போர்பைரினுக்கு என்எம்ஆரா, இபிஆரா?

"ஏனுங்க சார், இரும்பு உள்ள போயிட்டா என்எம்ஆரே வராதுங்களாமே?" கோவை, ஈரோடு, சேலம் பக்கம் போர்பைரின் (நடுவில் உலோகத்தைப் பிடித்துவைக்கும் வளைய மூலக்கூறு, இரத்தத்தின் ஹீம் இந்த வகைதான்) செய்யும் ஆய்வு மாணவர்கள் அடிக்கடி கேட்பது இது. என்எம்ஆர் அணுக்கருவின் காந்தத்தைப் படிக்கும், இபிஆர் இணை சேராத எலக்ட்ரானின் காந்தத்தைப் படிக்கும். இணை சேராத எலக்ட்ரான் என்றாலே இபிஆர் என்று பாடத்தில் படித்த பழக்கம். என் கட்சி வேறு: முதலில் என்எம்ஆர், தேவைப்பட்டால் இபிஆர்.

எல்லாம் எலக்ட்ரானின் வேகத்தில் இருக்கிறது. இரும்பின் எலக்ட்ரான் தன் சுழற்சியைப் படுவேகமாக மாற்றிக்கொண்டிருந்தால், பக்கத்துப் புரோட்டானுக்கு அதன் சராசரிதான் எட்டும். முழு வேகத்தில் ஓடும் விசைத்தறியில் நாடா தெரியாது, துணிதான் தெரியும்; அதுபோல. அப்போது என்எம்ஆர் கோடுகள் படிக்கும்படி வரும். அதே வேகம் இபிஆர் கோட்டை அகட்டிக் கரைத்துவிடும்.

டெட்ராஃபீனைல்போர்பைரினையே எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு ஏறும் முன் வளையத்தின் ஓரத்திலுள்ள பிர்ரோல் புரோட்டான் என்எம்ஆர் அளவுகோலில் 8.8 பிபிஎம்மில், நடுவிலுள்ள நைட்ரஜனின் புரோட்டான் −2.8இல் இருக்கும். இரும்பு(III) குளோரைடாக மாறி இணை சேராத ஐந்து தனி எலக்ட்ரான்கள் வந்ததும் பிர்ரோல் 80 பிபிஎம் பக்கம் போய்விடுகிறது. 14 பிபிஎம்மோடு அளப்பதை நிறுத்திவிட்டு "சிக்னலே இல்லை" என்றால் எப்படி? சென்னை ஐஐடி சைஃப் மாதிரியான பொதுக் கருவி மையத்துக்கு அனுப்பும்போது ஃபாரத்திலேயே −40 முதல் 120 வரை என்று எழுதிவிடுங்கள். இமிடசோல் என்ற சிறு நைட்ரஜன் வளையம் இரண்டு வந்து இரும்பில் ஒட்டினால் ஒரே ஒரு தனி எலக்ட்ரான்தான் மிஞ்சும். பிர்ரோல் −16 பக்கம் இறங்கிவிடும்.

காரம் பட்டால் இரண்டு இரும்பை ஓர் ஆக்சிஜன் பாலம் போட்டுச் சேர்க்கும். அந்த இரட்டைச் சேர்மம் என்எம்ஆரில் 13.5 பிபிஎம்மில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இபிஆரில் அது ஊமை, ஏனென்றால் இரண்டு இரும்பின் காந்தமும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. பாதிச் சரக்கு இரட்டையாகிவிட்டாலும் இபிஆர் படம் சுத்தமாகவே தெரியும். என்எம்ஆரை முன்னே வைப்பதற்கு எனக்கு இது ஒன்றே போதும்.

இரும்பு(II) என்றால் பேச்சே இல்லை. தனி எலக்ட்ரான்கள் 0, 2, 4 என்று இரட்டைப்படையில்தான் வரும். சாதாரண எக்ஸ்-பேண்ட் இபிஆர் கருவியில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. என்எம்ஆரில் மூன்றுமே தெரியும். 1936இல் வேதியியலாளர்கள் பாலிங்கும் கோரியலும் ஹீமோகுளோபினின் காந்தத்தைத் தராசில் அளந்தார்கள். இன்று அதே என்எம்ஆர் குழாயில் எவான்ஸ் முறையில் (கோடு நகரும் தூரத்தை வைத்துக் கணக்கிடுவது) காந்தத் திருப்புத்திறனும் கிடைத்துவிடும். மேலே சொன்ன குளோரைடுக்கு 5.9 போர் மேக்னட்டான் வரவேண்டும்.

இபிஆரின் பலம் ஓரிடத்தில் அசைக்க முடியாதது. ஒற்றை எலக்ட்ரான் இரும்பு(III)இல் இரண்டு இமிடசோல் தளங்களும் இணையாக நின்றால் 2.9, 2.3, 1.5 என்று மூன்று ஜி மதிப்புகள் (இபிஆர் கோட்டின் இடத்தைச் சொல்லும் எண்கள்). குறுக்கே நின்றால் 3.2ஐத் தாண்டிய ஒற்றைக் கோடு. எலக்ட்ரான் கடத்தும் புரதமான சைட்டோகுரோமின் ஹீமைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு பொன்னானது. ஐந்து எலக்ட்ரான் நிலைக்கு ஜி 6, 2. நடுவே 4.3இல் ஒன்று எட்டிப்பார்த்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் போர்பைரினுக்கு வெளியே திரியும் இரும்புதான், கொஞ்சம் இருந்தாலே பெரிதாகத் தெரியும்.

இபிஆருக்குக் குளிர்தான் செலவு. திரவ நைட்ரஜன் நம்மூர்க் கால்நடை மருந்தகத்திலேயே இருக்கிறது, சினை ஊசிக்கான குச்சிகளை அதில்தான் வைக்கிறார்கள். ஆனால் இந்த 6ஐத் தெளிவாகப் பார்க்க 10 கெல்வின் பக்கம் போக வேண்டும், அதற்குத் திரவ ஹீலியம்தான். என்எம்ஆர் எடுத்த குளோரோஃபார்ம் கரைசலை அப்படியே உறைய வைக்காதீர்கள். படிகமாகிக் கோடுகளைக் கெடுக்கும். டொலுயீனில் கரைத்தால் கண்ணாடிபோல் உறையும்.