இலவசச் சோதனை என்று சொல்லிப் பணம் பறிக்கும் ஆன்டிவைரஸ்கள்: ஓர் எச்சரிக்கை

வீட்டுக் கணினிக்கு ஆன்டிவைரஸ் தேடுபவர்கள், இலவசமாகச் சோதித்துத் தருவதாகத் தாமாகவே வலிய வந்து நிற்கும் மென்பொருள்களை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். நான் சந்தா கட்டிய மென்பொருள் (ஒன்றின் பெயரைச் சொல்லிப் பயனில்லை, வேறு வேறு பெயர்களில் இதே சரக்கு உலவுகிறது) நிறுவிய சில நிமிடங்களிலேயே நூற்றுக்கணக்கான "அபாயங்கள்" இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் காட்டி, பணம் செலுத்தினால்தான் நீக்குவேன் என்றது.

பணம் செலுத்திய பின்னரே முழுப் பட்டியலும் திறந்தது. அதில் இருந்தவை உலாவியின் குக்கிகள் (இணையதளங்கள் கணினியில் சேமித்து வைக்கும் சிறு குறிப்புகள்), தற்காலிகக் கோப்புகள், எப்போதோ நீக்கிய நிரல்கள் விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் விட்டுச்சென்ற பதிவுகள். வைரஸ் என்று சொல்லத்தக்கது ஒன்றுகூட இல்லை. ஐயம் தீர, ஆன்டிவைரஸ்களைச் சோதிப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட, 68 எழுத்துகள் மட்டுமே கொண்ட, தீங்கற்ற ஐகார் கோப்பைக் கணினியில் வைத்துப் பார்த்தேன். உண்மையான ஆன்டிவைரஸ் எதுவும் அதைக் கண்டவுடன் தடுக்க வேண்டும். குக்கிகளுக்கு அத்தனை கூச்சல் போட்ட இந்த மென்பொருள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இதைவிடக் கேடானது, இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்று காரணம் காட்டி, நிறுவும்போதே விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அணைக்கச் சொல்லியிருந்ததுதான். ஆகவே பணம் கட்டிய நாள் முதல் கணினி காவலின்றியே இருந்திருக்கிறது.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2019இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி தொடுத்த வழக்கில், அலுவலகப் பொருள் விற்கும் கடைத்தொடரான ஆஃபீஸ் டிப்போவும் அதற்கு மென்பொருள் வழங்கிய சப்போர்ட்.காமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. கணினியைச் சோதிக்கும் முன் கேட்கப்பட்ட நான்கு கேள்விகளில் ஒன்றுக்கு "ஆம்" என்று குறித்தாலே, கணினியின் உண்மை நிலை எதுவாக இருப்பினும், தீங்குநிரல் இருப்பதாக முடிவு வந்தது என்பது குற்றச்சாட்டு. 2024இல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் நிறுவனங்களும் இதே வகைக் குற்றச்சாட்டில் 2.6 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது.

விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸாகக் கணினியோடே வருகிறது. அதையும் விண்டோஸையும் அவ்வப்போது புதுப்பித்து வந்தால் பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. அதற்கு மேலும் வேண்டுமென்றால், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய ஆய்வகங்களின் முடிவுகளில் அந்த மென்பொருள் இடம்பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை வைரஸ்களைப் பிடித்தது என்பதோடு, நல்ல கோப்புகளைத் தவறாக எத்தனை முறை பிடித்தது என்பதையும் அவை வெளியிடுகின்றன. அதன் பிறகு சந்தாவைப் புதுப்பிக்கும் கட்டணத்தைக் கவனியுங்கள்: முதல் ஆண்டுத் தள்ளுபடி விலை பெரிதாகவும், அடுத்த ஆண்டின் முழு விலை பொடி எழுத்திலும் இருப்பது வழக்கம்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் மென்பொருளை நீக்குவதோடு நின்றுவிட வேண்டாம்; நீக்கினாலும் சந்தா நிற்காது. அந்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து, சந்தாவின் தானியங்கிப் புதுப்பிப்பை ரத்து செய்து, அதற்கான உறுதி மின்னஞ்சலைச் சேமித்துக்கொள்ளுங்கள். அதற்கு வழி வைக்காத நிறுவனமாயின், வங்கியில் சொல்லி அட்டையிலிருந்து பணம் எடுப்பதைத் தடுத்துவிடுங்கள். பிறகு டிஃபெண்டரை மீண்டும் இயக்கி, அதிலுள்ள ஆஃப்லைன் ஸ்கேன் (விண்டோஸ் முழுதாக இயங்கும் முன்பே நடக்கும் சோதனை) ஒன்றையும் ஓட்டுங்கள்.