கிளிநொச்சியில் அலுவலகத்துக்கு இன்ரநெற் எடுக்கப் போகிறீர்களா? 300க்குக் காசு கட்டி 100க்குள் கிடந்த கதை இது

பரந்தன் தாண்டி ஏ9 வீதியோரம் எங்கள் அலுவலகம். வீட்டு வரைபடம் கீறி, செலவு மதிப்பீடு போட்டுக் கொடுக்கிறோம். ஏழு பேர் வேலை செய்கிறார்கள். காணி இங்கே, காசு அனுப்புகிறவர் கனடாவில் என்பதுதான் பாதி வேலை. அதனால் இரவிலும் வீடியோ கோல் எடுத்து வரைபடத்தைக் காட்ட வேண்டியிருக்கும்.

போன வருடம் புதுக் கட்டடத்துக்கு மாறினோம். வந்த ஏஜென்ட் கேட்டது ஒரே கேள்விதான்: "எத்தனை கணனி அண்ணை?" ஏழு என்றேன். "அப்ப 100 பக்கேஜ் போடுங்கோ, பறக்கும்." 100 என்றால் விநாடிக்கு 100 மெகாபிற் வேகம். வயர் இழுக்கவும் நாலு கமரா பூட்டவும் ஆளை அவரே கூட்டி வந்தார். பில்லில் 'கிகாபிற் கேபிள்' என்று எழுதி 68,000 ரூபாய் வாங்கினார்கள்.

ஒரு கிழமைக்குள் தலையிடி தொடங்கிவிட்டது. ரொறன்ரோவில் இருக்கும் அக்கா ஒருவர் கோலில், "தம்பி, உங்கட முகம் அப்படியே நிக்குது, ஒண்டும் கேக்கேல்லை" என்றார். 300 மெகாபைற் பைல் ஒன்றை அனுப்ப 20 நிமிடம் போனது. ஏஜென்டைக் கூப்பிட்டால், "ஆக்கள் கூட அண்ணை, 300க்கு மாறுங்கோ." மாறினோம். ஐந்து மாதம் கூடுதலாகக் கட்டியும் எதுவும் மாறவில்லை.

வவுனியாவில் நெற்வேர்க் வேலை செய்யும் மருமகன் தைப்பொங்கலுக்கு வந்தபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. தன் லப்டொப்பில் எங்கள் வயரைக் குத்திவிட்டு, "மாமா, இணைப்பே 100 எண்டுதான் காட்டுது. 300 வந்தாலும் இதுக்குள்ளால போகாது" என்றான். முனையை வெட்டிப் பிரித்துக் காட்டினான். உள்ளே எட்டு இழை இருக்கிறது. செம்மஞ்சள் சோடியும் பச்சைச் சோடியும் மட்டும் பூட்டியிருக்கிறது, நீலமும் மண்ணிறமும் வெளியுறையோடு ஒட்ட நறுக்கியிருக்கிறது. நாலு இழையில் 100க்கு மேல் ஏறாது, கிகாபிற்றுக்கு, அதாவது 1000 மெகாபிற்றுக்கு, எட்டும் வேண்டும். பிறகு ஒரு இழையைப் பிளேட்டால் சுரண்டினான். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம். முழுச் செம்பு இல்லை, அலுமினியத்துக்குச் செம்பு பூசிய மலிவு வயர். அதைக் கையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது.

ஆனால் கோல் நின்றதற்குக் காரணம் அது இல்லை. ஏஜென்ட் சொன்ன 100 டவுன்லோட், அதாவது உள்ளே வரும் வேகம், மட்டும். வெளியே போகும் வேகமான அப்லோட் 10 தான், 300க்கு மாறிய பிறகும் அதுவே. நாலு கமராவும் ஒவ்வொன்றும் 2 மெகாபிற் படி இரவு பகலாக வெளி சேவருக்கு ஏற்றிக்கொண்டிருந்தன. மிச்சம் 2. பைலை மெகாபைற்றில் சொல்வோம், வேகத்தை மெகாபிற்றில் சொல்வார்கள், ஒரு பைற் எட்டுப் பிற். 300 மெகாபைற் என்றால் 2400 மெகாபிற். 2 ஆல் பிரித்தால் 1200 விநாடி, அதே 20 நிமிடம். தெளிவான ஒரு வீடியோ கோலுக்கு மட்டும் 3, 4 மெகாபிற் அப்லோட் வேண்டும். எங்களிடம் அது இருக்கவே இல்லை.

கமராவை அலுவலகத்துக்குள்ளேயே ஒரு பெட்டியில் பதிவாகும்படி மாற்றினோம். வயரை மாற்றினோம். பக்கேஜை 100க்கே இறக்கினோம். அன்றிரவே அந்த அக்காவோடு முக்கால் மணித்தியாலம் தடங்கலில்லாமல் கதைத்தேன்.

ஆகவே, எத்தனை கணனி என்று மட்டும் கேட்கிறவரிடம் கையெழுத்து வைக்காதீர்கள். ஒரே நேரத்தில் எத்தனை கோல், எவ்வளவு பைல் வெளியே போகிறது, கமரா எங்கே பதிகிறது என்று நீங்களே எழுதிக் கூட்டிப் பாருங்கள். அப்லோட் எவ்வளவு என்பதை எழுத்தில் கேளுங்கள். மாத டேட்டா அளவு முடிந்தால் வேகத்தை எவ்வளவுக்கு இறக்குவார்கள் என்பதையும் கேளுங்கள். வேகத்தை வைபையில் பார்க்காமல் வயரில் குத்தி, காலை பத்து மணிக்கு ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை பாருங்கள். வயர் இழுப்பவர் முனை பூட்டும்போது பக்கத்தில் நின்று எட்டு நிறத்தையும் எண்ணுங்கள்.

இணைப்பு பற்றிய முறைப்பாட்டைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்துக்குச் சொல்லலாம். வயரிங் காசு இன்னும் திரும்பி வரவில்லை, ஏஜென்ட் போன் எடுப்பதில்லை. நறுக்கிய அந்த வயர்த் துண்டு மேசை லாச்சிக்குள் இருக்கிறது. புதிதாக அலுவலகம் போடுகிற யாராவது இந்தப் பக்கம் வந்தால் எடுத்துக் காட்டுகிறேன்.