கையைக் கட்ட எது நல்லது: ஷால், விலங்கு, கயிறு, வெல்குரோ, வெறும் சொல்

ஒருவர் ஆள, மற்றவர் விரும்பி அடங்கும் உறவில் பலருக்கு முதலில் தோன்றுவது கையைக் கட்டுவதுதான். இருவரும் 18 வயது கடந்தவர்கள், முன்கூட்டியே பேசி உடன்பட்டவர்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். எதால் கட்டினாலும் நான் முதலில் பார்ப்பது, அவசரத்தில் அது எவ்வளவு சீக்கிரம் கழலும் என்பதைத்தான்.

பட்டு ஷால் மென்மையானது, ஆபத்தில்லை என்று நினைப்பார்கள். இழுக்க இழுக்க அதன் முடிச்சு இறுகும். அகலமான துணி சுருண்டு மெலிந்து தோலில் பதியும். கொழும்புப் புழுக்கத்தில் வியர்வையும் சேர்ந்தால் அவிழ்க்கவே முடியாது. என் வரிசையில் இதற்குக் கடைசி இடம்.

உலோக விலங்கு அதற்கு ஒரு படி மேல், அவ்வளவுதான். அதன் ஒடுங்கிய விளிம்பு மணிக்கட்டில் பெருவிரல் பக்க நரம்பை அழுத்தினால் அந்த இடம் வாரக்கணக்கில் மரத்துக் கிடக்கலாம். கரண்ட் போன நேரத்தில் திறப்பைத் தேடுவதையும் யோசித்துப் பாருங்கள்.

கயிறு அழகானது, ஆனால் பழக வேண்டிய வித்தை. புறக்கோட்டை இரும்புக் கடைகளில் கிடைக்கும் நைலோன் கயிறு வழுக்கும், வேகமாக இழுபட்டால் தோலைச் சுடும். பருத்திக் கயிறு பரவாயில்லை. மேற்கையின் வெளிப்புறத்தில் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு நசுங்கினால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிவிடும். தேறச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கமும் அப்படித்தான், அங்கே பாதம் தொங்கும். நரம்பு நசுங்கும்போது வலிக்காமலும் இருக்கலாம். அதனால் "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. விரல்களை விரிக்கச் சொல்லுங்கள், மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லுங்கள். கட்டுக்குள் இரண்டு விரல் நுழைய இடம் இருக்கட்டும். கை மரத்துப்போனால் கட்டைச் சரிசெய்துகொண்டிருக்காமல் உடனே அவிழ்த்துவிடுங்கள். முனை மழுங்கிய கத்திரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும்.

புதிதாகத் தொடங்குவோருக்கு நான் சொல்வது அகலமான வெல்குரோ பட்டி. ஒரே இழுவையில் கழன்றுவிடும். பலமாக இழுத்தால் தானாகவே திறந்துகொள்கிறதே என்று குறைப்படுவார்கள். எனக்கு அதுதான் அதன் பலம்.

அப்புறம், கட்டே இல்லாத வழி: "கையைப் பின்னால் வை, அசையாதே." இதைச் சிலர் அரைகுறை என்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு கணமும் தானே விரும்பி அடங்குவதுதானே நிறைவான அடக்கம்! எதுவும் நரம்பை இறுக்காது, நினைத்த நொடியில் எழும்பலாம். டைல் தரையில் மண்டியிட்டால் மட்டும் தலையணை போடுங்கள், இடையிடையே காலை நீட்டுங்கள்.

நிறுத்தும் சொல் எல்லாவற்றுக்கும் பொது. மஞ்சள் என்றால் மெதுவாக, சிவப்பு என்றால் நிறுத்து. வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் அடுத்த அறையில் மாமி இருப்பார், குரல் எழும்பாது. கையில் ஒரு சிறு மணியைக் கொடுங்கள், அது கீழே விழுந்தால் சிவப்பு. இலங்கைச் சட்டம் திருமணத்துக்குள் நடக்கும் வல்லுறவை, நீதிமன்றம் பிரித்துவைத்த தம்பதியரிடையே மட்டும்தான் குற்றமாகப் பார்க்கிறது. அதனால் வீட்டுக்குள் அந்தச் சொல்லை மதிப்பது எனக்குப் பேரம் பேசும் விஷயமே அல்ல.

கட்டப்பட்டவரைத் தனியே விட்டுப் போகாதீர்கள். குடித்துவிட்டுத் தொடங்காதீர்கள். கழுத்தில் எதையும் கட்டாதீர்கள், அதற்குப் பாதுகாப்பான முறையே கிடையாது. மூச்சோ நினைவோ தடுமாறினால் உடனே 1990 அம்புலன்ஸ். அவிழ்த்த பிறகும் கை பலமிழந்திருந்தால் வைத்தியரிடம் போய் எங்கே, எதால், எவ்வளவு நேரம் அழுந்தியது என்று மறைக்காமல் சொல்லுங்கள். எந்த நரம்பு என்று அவர் கண்டுபிடிக்க அது உதவும்.