ராணி மேரியா, எத்திராஜா, ஸ்டெல்லா மாரிஸா: இடம் கிடைக்குமா என்று கணக்கிட்ட கதை

2024 மே 6 அன்று பிளஸ் டூ முடிவுகள் வெளியானபோது என் மகள் நான்கு முதன்மைப் பாடங்களிலும் சேர்த்து 400க்கு 362 பெற்றிருந்தாள். அவள் படிக்க விரும்பியது பொருளாதாரம். சேர விரும்பியது சென்னையின் பெயர்பெற்ற மகளிர் கல்லூரிகளில் ஒன்றில். அன்று மாலைக்குள் வீட்டுக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி வாழ்த்துச் சொல்லவும் மீதி கட்-ஆஃப் சொல்லவும் வந்தவை. ஒருவர் 350 போதும் என்றார், இன்னொருவர் 385க்குக் குறைந்தால் விண்ணப்பமே வீண் என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை என்பது பிறகுதான் விளங்கியது. இருவரும் தத்தம் பெண்களுக்குக் கிடைத்த இடத்தைச் சொன்னார்களே ஒழிய, எந்தப் படிப்பு, எந்த இனப்பிரிவு, எந்த ஷிப்ட், எத்தனையாவது கலந்தாய்வு என்பதை ஒருவரும் சொல்லவில்லை. இந்த நான்கும் தெரியாமல் கையில் கிடைக்கும் கட்-ஆஃப் எண்ணால் ஒரு பயனும் இல்லை.

நாங்கள் கடைசியில் ராணி மேரிக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தோம். ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும். கல்லூரிகளின் பெருமையை ஒப்பிடுவதில் அதிகம் பயனில்லை என்பதால் அதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். மெரினாவை நோக்கி நிற்கும் ராணி மேரி 1914இல் தொடங்கப்பட்ட அரசுக் கல்லூரி, சென்னையின் முதல் மகளிர் கல்லூரியும் அதுவே. அதற்கு மறு ஆண்டு தொடங்கிய மகளிர் கிறித்தவக் கல்லூரி நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. கதீட்ரல் சாலையில் உள்ள ஸ்டெல்லா மாரிஸ் 1947இலும், வழக்கறிஞர் வி.எல். எத்திராஜ் நிறுவிய எத்திராஜ் 1948இலும் தோன்றின. நான்கிலும் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நான்கிலும் படித்தவர்கள் பெரிய பொறுப்புகளில் இருக்கிறார்கள். எனவே எது சிறந்தது என்ற விவாதத்தை நாங்கள் இரண்டே நாளில் முடித்துக்கொண்டோம். முடியாமல் நீண்டது வேறொரு கேள்வி: எந்தக் கல்லூரியில் எங்கள் வாய்ப்பை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க முடிகிறது?

அரசுக் கல்லூரியின் பக்கம் நான் சாய்ந்ததற்குக் காரணம் அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான். தமிழ்நாட்டின் அரசு கலை அறிவியல் கல்லூரிகள் அனைத்துக்கும் விண்ணப்பம் ஒரே இணையதளத்தின் வழியாகச் செல்கிறது. விண்ணப்பக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 50 ரூபாய்தான்; பட்டியல் இன, பழங்குடி மாணவிகளுக்குப் பதிவுக் கட்டணமான 2 ரூபாய் மட்டுமே. தமிழ் இலக்கியப் படிப்புக்குத் தமிழ் மதிப்பெண்ணும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணும், மற்ற எல்லாப் படிப்புகளுக்கும் நான்கு முதன்மைப் பாடங்களின் 400 மதிப்பெண்ணும் அடிப்படை. பிளஸ் ஒன் மதிப்பெண் இதில் சேராது. இந்த மூன்று அடிப்படைகளில் தரவரிசைப் பட்டியல் தயாராகி, அந்தப் பட்டியல் வெளியிடப்படுகிறது. பட்டியல் எல்லோர் கண்ணிலும் படுகிறது என்ற இந்த ஒரு செய்திக்கு மேல் வேறு எதையும் நான் பெரிதாக எண்ணவில்லை.

பட்டியலைத் திறந்த முதல் பத்து நிமிடம் மட்டும் கொஞ்சம் கொடுமையானது. மகளின் எண் அதில் எங்கோ கீழே கிடந்தது. 362 வாங்கிய பெண்ணுக்கு மேலே இத்தனை பேரா என்று அவள் அழுதே விட்டாள். ஆனால் அந்தப் பட்டியல் பொருளாதாரத்துக்கு மட்டுமானது அன்று. வணிகவியல், கணிதம், இயற்பியல், வேதியியல், புவியியல், வரலாறு என 400 மதிப்பெண்ணை அடிப்படையாகக் கொண்ட எல்லாப் படிப்புக்கும் அது பொது. மேலே இருப்பவர்களில் அறிவியல் பிரிவு மாணவிகள் பெரும்பாலும் அறிவியல் படிப்புக்குப் போய்விடுவார்கள், வணிகவியல் பிரிவினரில் பெரும்பாலோர் பி.காம். கேட்பார்கள். பொருளாதாரத்தை முதல் விருப்பமாக வைத்திருப்பவர்கள் அவ்வளவு பேர் இருக்க மாட்டார்கள். ஆகவே பொதுத் தரவரிசை எண்ணைப் பார்த்து மனமொடிந்து போவது, ரயில் நிலையத்தில் நிற்கும் கூட்டம் முழுவதும் நம் பெட்டியில்தான் ஏறப்போகிறது என்று நினைப்பதைப் போன்றது.

அடுத்ததாக இனச்சுழற்சி, அதாவது இடங்களை இனப்பிரிவு வாரியாகப் பங்கிடும் முறை. தமிழகத்தில் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு என்பது எல்லோருக்கும் தெரியும். அதைத் தம் வீட்டுக் கணக்காக மாற்றிப் பார்த்தவர்கள் குறைவு. ஒரு படிப்புக்கு 60 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். பொதுப் பிரிவின் 31 விழுக்காட்டுக்கு ஏறத்தாழ 19 இடங்கள், பிற்படுத்தப்பட்டோரின் 26.5 விழுக்காட்டுக்கு 16, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினரின் 20 விழுக்காட்டுக்கு 12, பட்டியல் இனத்தவரின் 15 விழுக்காட்டுக்கு 9 வரும். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களின் 3.5, அருந்ததியரின் 3, பழங்குடியினரின் 1 விழுக்காட்டுக்கு ஓரிரு இடங்கள் அமையும். பின்னங்கள் சுழற்சி வரிசைப்படி முழு எண்ணாகும். பொதுப் பிரிவு என்பது ஒதுக்கீடு இல்லாதவர்களுக்கான தனிப் பெட்டி என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். அது மதிப்பெண் வரிசையில் எல்லோருக்கும் பொதுவானது. எங்களைப் போன்ற பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) பிரிவினரில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்கள் முதலில் அதில்தான் நுழைவார்கள். அவர்கள் அங்கே போனபின் பி.சி. இடங்கள் அடுத்த வரிசையில் இருப்பவர்களுக்கு எஞ்சுகின்றன. ஆகவே நான் எண்ண வேண்டியது மகளுக்கு மேலே இருக்கும் எல்லோரையும் அல்ல. மேலே இருக்கும் பி.சி. மாணவிகளில், பொதுப் பிரிவில் இடம் பெறக்கூடியவர்களைக் கழித்து, அறிவியலுக்கும் பி.காமுக்கும் போகக்கூடியவர்களையும் கழித்து மீதியை மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பென்சிலோடு உட்கார்ந்து இந்தக் கழித்தலைச் செய்தேன். முதல்கட்டத்தில் கிடைக்காவிட்டாலும் இரண்டாம் கட்டத்தில் கிடைக்கும் என்று விடை வந்தது. அந்த விடை முழுக்கச் சரியானதாக இருக்க வேண்டிய அவசியமில்லை, ஆனால் அதை அடையும் வழி எங்கள் கையில் இருந்தது.

விளையாட்டு வீராங்கனைகள், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரரின் பிள்ளைகள் ஆகியோருக்கான சிறப்புக் கலந்தாய்வு முதலில் நடந்துவிடும் என்பதையும், அந்த இடங்களைக் கழித்த பிறகே மேற்படி கணக்கைப் போட வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உதவி பெறும் தனியார் கல்லூரிகளில் வாய்ப்பைக் கணிப்பது வேறு வகையான வேலை. முதலாவதாக, ஒரே கல்லூரியின் பெயருக்குள் இரண்டு கல்லூரிகள் இருக்கின்றன: அரசு ஊதியம் தரும் உதவி பெறும் பிரிவு ஒன்று, சுயநிதிப் பிரிவு மற்றொன்று. இரண்டின் கட்டணத்துக்கும் இடையே பல மடங்கு வேறுபாடு உண்டு, கேட்கப்படும் மதிப்பெண்ணும் அதற்கேற்ப மாறும். தொலைபேசியில் 350 சொன்னவரின் மகள் சுயநிதி ஷிப்டில் படிக்கிறாள். 385 சொன்னவரின் மகள் உதவி பெறும் பிரிவில், அதிலும் பி.காம்.! வணிகவியலில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் நூற்றுக்கு நூறு வாங்கும் காலத்தில் பி.காம். கட்-ஆஃபை வைத்துப் பொருளாதாரத்தை அளப்பது பொருந்தாது.

இரண்டாவதாக, ஸ்டெல்லா மாரிஸும் மகளிர் கிறித்தவக் கல்லூரியும் சிறுபான்மை நிறுவனங்கள். அரசியலமைப்பின் 30(1) பிரிவு அளிக்கும் உரிமையின்படி தம் சமூகத்தவருக்கென ஒரு பகுதி இடங்களை அவை ஒதுக்கிக்கொள்ளலாம். 15(5) பிரிவின் இட ஒதுக்கீட்டு விதியிலிருந்தும் அவற்றுக்கு விலக்கு உண்டு. கிறித்தவக் குடும்பத்துப் பெண்ணுக்கு இந்தக் கல்லூரிகளில் உள்ள வாய்ப்பு என் மகளுக்கு உள்ள வாய்ப்பு அன்று. அதே போல, பி.சி. என்பதற்காக என் மகளுக்கு ராணி மேரியில் கிடைக்கும் 26.5 விழுக்காட்டுப் பிடிமானத்தை இங்கே அப்படியே எதிர்பார்க்க முடியாது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணக்குப் போடுபவர் வேறு வாய்பாட்டை எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எத்திராஜ் சிறுபான்மை நிறுவனம் அன்று என்பதால் அதன் உதவி பெறும் பிரிவைக் கணிப்பது எங்களுக்குச் சற்று எளிதாக இருந்தது.

மூன்றாவதாக நாட்காட்டி. அலைச்சலுக்குக் காரணமாக இருந்தது இதுதான். தனியார் கல்லூரிகள் முடிவு வந்த சில நாட்களிலேயே தேர்வுப் பட்டியலைத் தொடங்கிவிடுகின்றன. அரசுக் கல்லூரிகளின் முதல்கட்டப் பொதுக் கலந்தாய்வோ அந்த ஆண்டு ஜூன் 10 அன்றுதான் தொடங்கியது, இரண்டாம் கட்டம் ஜூன் 24 அன்று. நாங்கள் விண்ணப்பித்த ஒரு தனியார் கல்லூரியிலிருந்து மே மாதத்திலேயே சுயநிதிப் பிரிவில் இடம் தருவதாகவும் மூன்று நாட்களுக்குள் கட்டணம் செலுத்த வேண்டும் என்றும் குறுஞ்செய்தி வந்தது. கையில் இருக்கும் இடத்தை விடுவதா, பென்சில் கணக்கை நம்புவதா? என் மனைவி கட்டிவிடலாம் என்றாள், நான் கட்ட வேண்டாம் என்றேன், இறுதியில் கட்டினோம். அவள் சொன்னதுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது, ஏனெனில் கட்டிய பணம் போய்விடும் என்ற என் அச்சத்துக்கு அடிப்படை இல்லை. 2024–25 கல்வியாண்டுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்த விதிப்படி, செப்டம்பர் 30க்குள் இடத்தை விடுபவர்களுக்கு முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும், அக்டோபர் 31க்குள் விடுபவர்களிடம் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் மானியக் குழுவின் விதியே. நடைமுறையில் எங்களுக்கு மூன்று முறை நேரில் போக வேண்டியிருந்தது, பணம் வந்து சேர ஆவணி பிறந்துவிட்டது, ஆனாலும் வந்தது.

இந்த நாட்காட்டி வேறுபாடு வாய்ப்புக் கணக்கையும் மாற்றுகிறது. பட்டியலில் மேலே இருக்கும் பெண் ஒருத்தி அதே மதிப்பெண்ணோடு நான்கு கல்லூரிப் பட்டியல்களில் இருக்கிறாள், அமர்வது ஒன்றில்தான். ஜூனில் அரசுக் கல்லூரிக் கலந்தாய்வு நடக்கும்போது அவர்களில் பலர் ஏற்கெனவே தனியார் கல்லூரியில் கட்டணம் கட்டி மனம் நிலைத்துவிட்டிருப்பார்கள். பொறியியல் பொதுக் கலந்தாய்வு ஜூலை இறுதியில்தான் தொடங்கியது; அதில் இடம் பெற்றுப் போகிறவர்கள் விட்டுச் செல்லும் நாற்காலிகள் ஆகஸ்டில் காலியாகின்றன. தாமதமாக நடக்கும் கலந்தாய்வு காத்திருப்பவர்களுக்குச் சாதகமானது என்பதை நாங்கள் முதலில் உணரவே இல்லை.

இவ்வளவும் கலைப்பிரிவு மாணவி ஒருத்தியின் அனுபவத்திலிருந்து சொல்வது. அறிவியல் படிப்புகளில் மருத்துவம், செவிலியம், வேளாண்மை என்று வெளியேறும் வழிகள் அதிகம் என்பதால் பட்டியல் இன்னும் கூடுதலாக நகரும் என்று உறவினர் வீடுகளில் கேட்டிருக்கிறேன்; என் கணக்கு அங்கே எவ்வளவு பொருந்தும் என்று உறுதி கூறமாட்டேன். தமிழ் அல்லது ஆங்கில இலக்கியம் கேட்பவர்களுக்கு ஒரே தாளின் 100 மதிப்பெண்தான் அடிப்படை என்பதால், ஒரு மதிப்பெண் வேறுபாட்டில் நிற்பவர்களின் கூட்டம் பெரிதாக இருக்கும். அங்கே இத்தகைய பென்சில் கணக்கைவிடத் தனியார் கல்லூரியில் ஒரு விண்ணப்பம் கூடுதலாகப் போட்டு வைப்பது நல்லது.

செங்கல்பட்டிலிருந்து தினமும் ரயிலில் வந்து போவது, மாலை ஷிப்ட் என்றால் வீடு திரும்ப இருட்டிவிடுவது, அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் கிடைப்பது போன்றவற்றையும் நாங்கள் பேசினோம். அவை முடிவைத் திருப்பவில்லை.

முதல்கட்டக் கலந்தாய்வில் மகளின் மதிப்பெண் வரம்புக்கான அழைப்பு வந்தபோது பொருளாதாரத்தில் பி.சி. இடங்கள் முடிந்திருந்தன. வரலாறு கேட்கிறாயா என்றார்கள். நான் அவளைப் பார்த்தேன்; அவள் என் சட்டைப் பையிலிருந்த கணக்குத் தாளைப் பார்த்தாள். காத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம். இரண்டாம் கட்டத்தில் மீண்டும் அழைத்தபோது எஞ்சியிருந்த இடங்கள் ஒரு கை விரல்களுக்குள் இருந்தன, அவற்றில் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. என் கணக்கில் அவளுக்கு மேலே இன்னும் இரண்டு பேர் வருவார்கள் என்று போட்டிருந்தேன்; அவர்கள் வரவில்லை.